நான்கரை மணி அடுப்பு
லுணுகலைத் தோட்ட வீடுகளுக்கு ரைஸ் குக்கர் தேவைதானா?

விடியற்காலை நான்கரை மணி. லுணுகலையைச் சுற்றிய மலைகளில் மார்கழி மழை ராத்திரி முழுக்கக் கொட்டி, இப்போதுதான் தூறலாகியிருக்கிறது. லயத்தில் ஒரு காம்பராவின் பின்பக்கம் அடுப்பு மூட்டும் வேலை நடக்கிறது. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவந்த மிலாறு இன்னும் ஈரம் காயவில்லை. ஊதுகுழலை வைத்து ஊத ஊதப் புகைதான் வருகிறது, தீ பிடிக்கவில்லை. கூரைத் தகரத்தில் முட்டித் திரும்பும் புகைக்குள் ஒரு குழந்தை இருமிக்கொண்டே புரண்டு படுக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த காம்பராவில், 'டக்' என்று ஒரு சத்தம். ரைஸ் குக்கரின் பொத்தான் இறங்கிச் சிவப்பு விளக்கு எரிகிறது. அங்கே அடுப்படியில் நின்றவள் பானையை விட்டுவிட்டுத் தேங்காய் துருவப் போய்விட்டாள்.

இரண்டு வீட்டிலும் பிரட்டுக்கு முன் ஆக வேண்டியது ஒரே வேலைதான்: சோறு, ஒரு கறி, சம்பல், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பார்சல். பசறையிலிருந்து பிபிலை போகும் வீதியோரத்து லுணுகலையிலும், ஹொப்டன், அடாவத்தை போன்ற சுற்றுத் தோட்டங்களிலும் இப்போது வீட்டுக்கு வீடு கேட்கும் கேள்வி, அந்தக் குக்கர் வாங்கிய காசுக்குப் பயன் தருமா என்பது. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாள் சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் சாதாரணக் குக்கர் ஒன்றுக்கே ஐந்தாறு நாள் மலை ஏறி இறங்க வேண்டியிருந்தது. ஆகவே இதை அலங்காரச் சாமான் பற்றிய பேச்சாக ஒதுக்க முடியாது.

பொத்தானுக்குள் நடப்பது

சாதாரண ரைஸ் குக்கரில் மூளை என்று எதுவும் இல்லை. அடியில் சூடாகும் ஒரு தட்டு, அதன் நடுவில் சுருள்வில்லில் அமர்ந்த ஒரு சிறு காந்தம், மேலே அலுமினியப் பாத்திரம். அவ்வளவே. பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை அதன் அடிப்பக்கச் சூடு கொதிநிலையைத் தாண்டாது. அரிசி தண்ணீரை முழுவதும் குடித்து, மிச்சம் ஆவியாகிப் போனதும் சூடு விறுவிறுவென ஏறுகிறது. ஏறத்தாழ 103 பாகை செல்சியஸில் அந்தக் காந்தப் பொருள் தன் ஈர்ப்பை இழக்கிறது. சுருள்வில் விடுபட, பொத்தான் மேலே எழும்புகிறது. நேரம் பார்ப்பதோ, அரிசியை அளப்பதோ அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. தண்ணீர் தீர்ந்ததை மட்டுமே அது அறியும். தண்ணீரின் அளவு தவறினால் சோறும் தவறுவது இதனால்தான்.

இந்த யோசனை பிறந்தது ஜப்பானில். 1950களில் தோஷிபா நிறுவனத்துக்காக யோஷிதாதா மினாமி என்ற சிறு தொழிற்சாலைக்காரர் இதில் இறங்கினார். அவருடைய மனைவி ஃபுமிகோ வெயிலிலும் குளிரிலும் நாள்தோறும் சோறாக்கிச் சூட்டை அளந்து குறித்துக்கொடுத்தார். 1955 டிசம்பரில் விற்பனைக்கு வந்த முதல் தானியங்கிக் குக்கரில் காந்தத்துக்குப் பதிலாக இரட்டைப் பாத்திரம் இருந்தது. வெளிப் பாத்திரத்தில் ஊற்றிய தண்ணீர் இருபது நிமிடத்தில் வற்றியதும் மின்சாரம் தானே நிற்கும். நான்கைந்து ஆண்டுகளில் ஜப்பானிய வீடுகளில் பாதிக்கு அது போய்ச் சேர்ந்தது. அதிகாலையில் எழுந்து விறகடுப்பின் முன் உட்காரும் வேலையிலிருந்து பெண்களை விடுவித்ததே அதன் வெற்றிக்குக் காரணம். லுணுகலை லயத்தில் இன்று எழும் கேள்விக்கு ஏழு தசாப்த வயது.

மலைநாட்டுக்கே உரிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டில் கொதிக்கும். ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீற்றருக்கும் ஒரு பாகை குறையும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளையில் கொதிநிலை 98 பாகைக்குச் சற்றுக் கீழே. 1,400 மீற்றரைத் தாண்டிய அப்புத்தளையில் 95ஐ ஒட்டி. மேட்டு லயங்களில் அரிசி சற்றே தாமதித்து வேகும், தண்ணீரும் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். கொழும்பில் வேலை பார்த்த மகள் சொன்ன அளவில் தண்ணீர் வைத்து, சோறு விதையாக வந்தது என்று குக்கரைக் குறை சொல்வதற்கு முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

[பெட்டி]
சுண்டு ஒன்று, கோப்பை வேறு
குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கோப்பை 180 மில்லிலீற்றர். அரிசி ஏறத்தாழ 150 கிராம் கொள்ளும். அது ஜப்பானிய அளவு. நம் வீட்டுச் சுண்டு அதைவிடப் பெரியது. பாத்திரத்தின் உள்ளே பொறித்த கோடுகள் அந்தக் கோப்பைக்குப் போட்டவை. சுண்டால் அளந்துவிட்டுக் கோட்டைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றினால் கணக்கு உதைக்கும்.
அரிசி அளந்த அதே பாத்திரத்தால் தண்ணீரையும் அளப்பதே வழி. கீரிச் சம்பாவுக்கும் வெள்ளைப் பச்சையரிசிக்கும் ஒன்றுக்கு இரண்டில் தொடங்கலாம். நாட்டரிசிக்கும் சிவப்பரிசிக்கும் இரண்டரை வரை போகும். அரை மணி நேரம் ஊறவைத்தால் சிவப்பரிசி நடுவில் விதை தட்டாது. பொத்தான் எழும்பியதும் மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம் விட வேண்டும். மேல் சோறு பதமாவது அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

அந்த அரை மணி

குக்கர் விறகடுப்பைவிட வேகமானது என்று கடைகளில் சொல்வதுண்டு. அது சரியல்ல. நன்றாகப் பிடித்த தீயில் ஒரு பானைச் சோறு அரை மணிக்குள் இறங்கிவிடும். குக்கரும் அதே அரை மணிதான் எடுக்கும். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. விறகடுப்பில் சோறு வேகும் நேரம் முழுக்க ஒரு ஆள் வேண்டும். தீயைத் தள்ள வேண்டும், பொங்கும்போது மூடியை நகர்த்த வேண்டும், பதம் பார்க்க வேண்டும், கொதிக்கும் பானையைச் சாய்த்துக் கஞ்சி வடிக்க வேண்டும். குக்கருக்கு ஆள் வேண்டியது அரிசி கழுவிப் போடும் ஐந்து நிமிடம் மட்டும்.

கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாளில் அந்த அரை மணியின் விலை வெளியில் இருப்பவர்களுக்கு எளிதில் விளங்காது. நான்கரைக்கு எழும்பினால்தான் சமைத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, சின்னதைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, நேரத்துக்குப் பிரட்டுக்களத்தில் பேர் கொடுக்க முடியும். பிந்தினால் அன்றைய பேர் போகலாம். பேர் போனால் சம்பளம் போகும். பின்னேரம் கூடையை இறக்கிவிட்டு வந்ததும் மறுபடி அடுப்பு. தோட்டங்களில் கோதுமை மா ரொட்டி இவ்வளவு வேரூன்றியதற்கு மாவின் விலை ஒரு காரணம். கல்லில் போட்டு எடுக்கும் வேகமும் அதற்குச் சமமான காரணம். ரொட்டியும் தேத்தண்ணியும் சம்பலுமாகக் காலையும் பகலும் ஓடுவது விருப்பத்தால் மட்டும் அல்ல, நேரம் இல்லாததாலும்தான். காலையில் தானாக வேகும் ஒரு பானைச் சோறு இருந்தால், அதே நேரத்தில் அடுப்பில் ஒரு பருப்பையோ கீரையையோ வைக்கலாம். பிள்ளையின் பகல் பார்சலில் அந்த மாற்றம் தெரியும்.

விறகு பொறுக்கும் நேரமும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். மிலாறு இலவசம் என்பார்கள். கவ்வாத்து மலைக்கு மலை சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும்; கிட்டத்து மலையில் கவ்வாத்து இல்லாத காலத்தில் தூரம் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, உடம்பு ஓய்வு கேட்கும் ஒரே நாளில், தலையில் விறகுக்கட்டோடு பாதை இறங்குவது பெரும்பாலும் பெண்கள். அந்த உழைப்புக்கு யாரும் செக்ரோல் எழுதுவதில்லை.

புகை உண்ணும் வீடு

பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் கட்டிய பழைய லயக் காம்பராக்களில் புகைபோக்கி என்பது பல இடங்களில் பெயருக்குத்தான். இஸ்தோப்பை அடைத்துக் குசினியாக்கிக்கொண்ட வீடுகளில் காற்று போகவும் வரவும் அதே கதவு. ஈர விறகு எரியும் புகையின் நுண்துகள் நுரையீரலின் அடிவரை போகும். குழந்தைகளுக்குச் சளிக்காய்ச்சல், பெரியவர்களுக்கு நாள்பட்ட மூச்சுநோய், இதயநோய் ஆகியவற்றோடு வீட்டுப் புகைக்குத் தொடர்பு உண்டு. வீட்டுக்குள் எரிக்கும் விறகு, சாணம், கரி ஆகியவற்றின் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இலங்கையில் 2012 குடிசன மதிப்பீட்டின்போது முக்கால்வாசிக்கும் மேற்பட்ட வீடுகள் விறகில்தான் சமைத்தன.

குக்கர் இந்தப் புகையை முழுதாக நீக்காது. கறி, ரொட்டி, சுடுதண்ணீர் எல்லாம் அடுப்பில்தான் இருக்கும். ஆனால் ஒரு நாளில் அடுப்பு அதிக நேரம் எரியும் வேலைகளில் சோறாக்குவது முன்னால் நிற்கிறது. அதைக் கழித்தால் அடுப்படியில் இருமும் நேரமும் அந்த அளவு குறையும். கைக்குழந்தை உள்ள வீட்டிலும், இழுப்பு நோயாளி உள்ள வீட்டிலும் குக்கர் வாங்க இந்த ஒரு காரணமே போதும்.

அறுபதாவது யூனிட்

'கரண்ட் பில் கூடிவிடும்' என்ற பயம்தான் பல வீடுகளில் குக்கரைப் பெட்டியோடு அலமாரியின் மேல் வைத்திருக்கிறது. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போய் வந்தவர் கொண்டுவந்ததும், கல்யாணத்துக்கு வந்த அன்பளிப்பும் அப்படியே உறை பிரியாமல் கிடப்பதுண்டு. பயத்துக்குக் காரணம் இருக்கிறது. மின் கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் ஏறியது. பிறகு சில தடவை இறங்கியது. 2025 ஜனவரியில் 20 சதவீதம் குறைந்து, ஜூனில் 15 சதவீதம் கூடியது. எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று தெரியாத கட்டணத்தை நம்பி அடுப்பை மாற்ற யாரும் யோசிக்கத்தான் செய்வார்கள்.

ஆனால் பயப்பட வேண்டியது குக்கருக்கு அல்ல, ஒரு கோட்டுக்கு. வீட்டு மின் கட்டணத்தில் மாதம் 60 யூனிட்டுக்குள் நிற்பவர்களுக்கு ஒரு விலைப்பட்டியல், அதைத் தாண்டியவர்களுக்கு வேறு பட்டியல். தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, முதல் யூனிட்டிலிருந்தே விலை மாறும். நிலையான கட்டணமும் உயரும். 59 யூனிட்டுக்கும் 61 யூனிட்டுக்கும் இடையே பட்டியலில் தெரியும் தாவல், அந்த இரண்டு யூனிட்டோடு பொருந்தாத அளவு பெரியது.

[பெட்டி]
குக்கரின் மாதக் கணக்கு
நடுத்தரக் குடும்பக் குக்கர்: 1.8 லீற்றர், சுமார் 700 வாற்று.
ஒருமுறை சோறாக்க அரை மணி: 0.35 யூனிட்.
நாளுக்கு ஒருமுறை, 30 நாளுக்கு: 10.5 யூனிட். இருமுறை: 21 யூனிட்.
பொத்தான் எழும்பியபின் 'வார்ம்' விளக்கு எரியும் நிலையில் சுமார் 40 வாற்று. எட்டு மணி நேரம் விட்டால் 0.32 யூனிட், இன்னொரு பானைச் சோற்றுக்குச் சமம். மாதம் முழுக்க விட்டால் 9.6 யூனிட்.

பெட்டியிலுள்ள கடைசிக் கணக்கைத்தான் குக்கர் வைத்திருக்கும் வீடுகளில் பலரும் கவனிப்பதில்லை. காலையில் போட்டுவிட்டு மலைக்குப் போய், மாலை வரும்வரை பிளக்கைக் கழற்றாமல் விடுவதால் செலவு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. லைட், டீவி, போன் சார்ஜ், ஒரு சின்னக் குளிர்சாதனப் பெட்டி என்று மாதம் 45 யூனிட் செலவழிக்கும் வீட்டில் நாளுக்கு ஒருமுறை குக்கர் வைத்தால் 55 அல்லது 56 ஆகும், கோட்டுக்குள் நிற்கலாம். 'வார்ம்' விளக்கை நாள் முழுக்க எரியவிட்டால் 65. ஏற்கெனவே 58 யூனிட்டில் நிற்கும் வீடு, அதிகமாக இழுக்கும் வேறு எதையாவது குறைக்காமல் குக்கரைத் தொடக்கூடாது. இரண்டு குடும்பம் ஒரே மீற்றரில் பகிரும் இடத்தில் இந்தக் கணக்குப் பார்க்காவிட்டால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

ஏற்கெனவே 70, 80 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கோ கதை வேறு. அங்கே கோடு தாண்டியாயிற்று. 90ஐயும் 120ஐயும் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் குக்கர் கூட்டுவது அதன் சொந்தச் செலவை மட்டும்தான்.

காஸ் வரிசை சொன்னது

2021 நவம்பரில் எரிவாயு சிலிண்டர்களும் அடுப்புகளும் நாடெங்கும் வெடித்தன. வாயுக் கலவையில் புரோப்பேன் அளவு மாறியது பெரிய சர்ச்சையானது. அடுத்த சில மாதங்களில் டொலர் இல்லாமல் கப்பல்கள் துறைமுகத்துக்கு வெளியே காத்திருந்தன. வெறும் சிலிண்டரோடு மக்கள் வீதியில் விடிய விடிய நின்றார்கள். 2022 ஏப்ரலில் லிட்ரோ நிறுவனத்தின் 12.5 கிலோ சிலிண்டர் 2,675 ரூபாயிலிருந்து ஒரே தாவலில் 4,860 ஆனது. காஸை நம்பியிருந்த பட்டணத்து வீடுகள் மண்ணெண்ணெய்க்கும் விறகுக்கும் திரும்பின. ரைஸ் குக்கர் வைத்திருந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. அதே ஆண்டு மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் வெட்டப்பட்டது. அந்த மாதங்களில் தடையில்லாமல் சோறு வெந்தது லயத்து விறகடுப்பில்தான்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் விறகடுப்பின் தேவையை மறுபடி காட்டியது. பதுளை மாவட்டத்தில் மண்சரிவால் வீதிகள் அறுந்தன, மின்கம்பிகள் விழுந்தன, ஊர்கள் இருளில் கிடந்தன. அப்படியான நாளில் குக்கர் வெறும் பாத்திரம். ஊவா மலைகளில் எந்த வீட்டிலும் விறகடுப்பை இடித்துவிட்டுக் குக்கரை வைப்பது புத்தியல்ல. அடுப்பும் நான்கைந்து நாளுக்குக் காய்ந்த விறகும் ஒரு மூலையில் எப்போதும் இருக்க வேண்டும்.

காஸோடு ஒப்பிட்டு விலையில் மட்டும் பார்த்தால் மின்சாரத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒரு கிலோ காஸில் அடங்கிய வெப்பம் ஏறத்தாழ 12.8 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அடுப்பில் அதில் பாதி பாத்திரத்தைச் சேராமல் காற்றில் போகும். ஒரு 12.5 கிலோ சிலிண்டரிலிருந்து சோற்றுப் பானைக்குக் கிடைப்பது 80 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். 2025இல் லிட்ரோ சிலிண்டர் விற்ற 3,690 ரூபாயைப் பகிர்ந்தால் யூனிட்டுக்கு 46 ரூபாய். மாதம் 120 யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீட்டுக்கு அந்த ஆண்டு மின்சாரம் அதைவிடத் தெளிவாக மலிவு. காஸ் வைத்திருக்கும் ஆசிரியர் வீடுகளும் கடைக்காரர் வீடுகளும் சோற்றைக் குக்கருக்கு மாற்றினால் சிலிண்டர் கூடுதல் நாள் ஓடும்.

ஒரே கூரை, பழைய வயர்

இந்தக் கட்டுரையில் மற்ற எதைவிடவும் கவனமாக வாசிக்க வேண்டிய பகுதி இது. மலையகத்தில் லயன் தீ விபத்துச் செய்தி வராத ஆண்டு இல்லை. ஒரு காம்பராவில் பிடித்த தீ ஒரே கூரையின் கீழுள்ள பத்து, பன்னிரண்டு வீடுகளைத் தின்றுவிடுகிறது. 'மின்னொழுக்கே காரணம் எனச் சந்தேகிக்கப்படுகிறது' என்ற வரி அந்தச் செய்திகளில் மீண்டும் மீண்டும் வருகிறது. இரண்டு குண்டு பல்புக்கும் ஒரு வானொலிக்கும் என்று போட்ட வயரில் இன்று டீவி, அயன், ஹீட்டர், குக்கர் எல்லாம் தொங்குகின்றன.

700 வாற்றுக் குக்கர் 230 வோல்ற்றில் சுமார் மூன்று ஆம்பியர் இழுக்கும். நல்ல வயருக்கு அது ஒரு பாரமே அல்ல. ஒரே மல்டி பிளக்கில் குக்கரும் ஹீட்டரும் அயனும் சேரும்போதுதான் ஆபத்து. தளர்ந்த பிளக்கில் பொறி பறக்கும், பிளாஸ்டிக் இளகும், பக்கத்தில் காய்ந்த மிலாறோ பழந்துணியோ இருந்தால் வேறு எதுவும் வேண்டாம். இரண்டாவது ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. ஈரச் சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நின்று, எர்த் இல்லாத குக்கரின் உலோக உடலைத் தொடுவது உயிரோடு விளையாடுவதாகும்.

வோல்ற்றேஜ் பற்றியும் சொல்ல வேண்டும். லைன் முடியும் இடத்திலுள்ள லயங்களில் மாலை ஆறு மணிக்கு எல்லா வீட்டிலும் லைட் விழுந்ததும் மின்னழுத்தம் தாழ்கிறது. 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால் குக்கரின் சக்தி சுமார் அறுபது சதவீதமாகிவிடும். சோறு வேக ஒரு மணி நேரம் எடுக்கும். அரிசி கொதிக்காமல் ஊறிக் குழையும். மாலைச் சோறு சரியில்லை, காலைச் சோறு நன்றாக வருகிறது என்றால் குக்கரைத் திருத்தக் கொடுக்க வேண்டாம்.

[பெட்டி]
குக்கருக்கு முன் பிளக்
குக்கருக்குச் சுவரில் தனிப் பிளக் பொயின்ட் இருக்க வேண்டும். மல்டி பிளக் கூடாது.
மீற்றருக்கு அருகில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். விழாவிட்டால் முதலில் அதை மாற்ற வேண்டும்.
மூன்று முள் பிளக்கில் நடு முள்ளை ஒடித்துவிட்டுச் செருகுவது எர்த்தை வெட்டுவதற்குச் சமம்.
அரிசியை வேறு சட்டியில் கழுவி, பாத்திரத்தின் வெளிப்பக்கத்தைத் துடைத்து உலர்த்திய பின்னரே உள்ளே வைக்க வேண்டும்.
அரிசி போட்டதும் பொத்தானை அழுத்திவிட்டுப் பிரட்டுக்குப் போகக்கூடாது. வேகும்போது வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். முடிந்ததும் பிளக்கைக் கழற்ற வேண்டும்.

கஞ்சி, அடிச்சோறு, மிச்சச் சோறு

ருசி பற்றிய மனக்குறை உண்மையானது. வடித்த சோறு உதிரியாக விழும்; குக்கர் சோறு சற்றுப் பிசுபிசுக்கும். வடித்த கஞ்சியில் உப்பும் தேங்காய்ப்பாலும் போட்டுக் குடித்து வளர்ந்த தலைமுறைக்கு அது இல்லாத சாப்பாடு ஏதோ குறைந்தது போலிருக்கும். ஆனால் வடிக்கும்போது தண்ணீரில் கரையும் பி வகை விட்டமின்களில் ஒரு பங்கு கஞ்சியோடு போகிறது. கஞ்சியைக் குடிக்கும் வீட்டில் நட்டமில்லை. கானில் ஊற்றும் வீட்டில் நட்டம். குக்கர் சோற்றில் அது உள்ளேயே நிற்கும். பிசுபிசுப்பைக் குறைக்க அரிசியை மூன்று தண்ணீர் கழுவி, பொத்தான் எழும்பியபின் அகப்பையால் ஒருமுறை கிளறிவிட்டால் போதும்.

குக்கர் வந்துவிட்டது, கல் அரிக்கும் அரிக்கன் சட்டியை மூலையில் வைத்துவிடலாம் என்று நினைத்தால் பல் போகும். கடை அரிசியிலும் கல் வரும். குக்கருக்குக் கல்லும் அரிசியும் ஒன்றுதான்.

மிச்சச் சோற்றில் கவனம் வேண்டும். அரிசியோடு வரும் பசிலஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சோறு மெல்லச் சூடாறி வெதுவெதுப்பில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி, வாந்தி தரும் நஞ்சைச் சுரக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. 'வார்ம்' நிலை ஓடும்போது சோறு 60 பாகைக்கு மேல் நிற்பதால் பயமில்லை. இடையில் கரண்ட் போனால் மூடிய குக்கர் அந்தக் கிருமிக்கு ஒரு தொட்டில். மின்சாரச் செலவு மிச்சம் என்று பிளக்கைக் கழற்றுகிறவர்கள் சோற்றை அகலமான பாத்திரத்தில் கொட்டி ஆறவிட வேண்டும். பகலுக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். பழஞ்சோற்றுக்கு என்றால் ஆறியதும் தண்ணீர் ஊற்றுவது நம் வீடுகளில் பழகிய முறை. குக்கருக்குள்ளேயே மூடி வைத்து மறுநாள் எடுப்பது அல்ல.

தைப்பொங்கல் அன்று லய வாசலில் மூன்று கல் வைத்துப் பானை பொங்கி வழிய வேண்டும். அதற்குக் குக்கர் உதவாது, உதவவும் வேண்டாம்.

யாருக்கு, எந்த அளவில்

கொழும்பிலும் பதுளையிலும் கடைகளுக்கு வேலைக்குப் போய் வாடகை அறையில் இரண்டு மூன்று பேராகத் தங்கும் தோட்டத்து இளைஞர்களுக்கு இதில் விவாதமே இல்லை. அறையில் அடுப்பு மூட்ட விடமாட்டார்கள். கடைச் சோற்றுப் பார்சல் சம்பளத்தைத் தின்றுவிடும். ஒரு லீற்றர் குக்கர் ஒன்றிரண்டு மாதத்தில் தன் விலையை மீட்டுத்தரும். சோற்றின் மேல் தட்டில் முட்டையும் கிழங்கும் அவியும். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, லயத்தில் தனியாக இருக்கும் முதியவருக்கும், வயர் சரியாக இருந்தால், அது பொருந்தும். அடுப்பை அணைக்க மறந்து தூங்கிப்போகும் பயம் இல்லை.

இந்திய உதவியோடு கட்டப்பட்ட தனி வீடுகளுக்கும் ஏழு பேர்ச் காணியில் எழுந்த மற்ற வீடுகளுக்கும் குடியேறியவர்கள் தாராளமாக வாங்கலாம். தனிக் குசினியும் புது வயரும் இருக்கின்றன. நான்கு பேருக்கு 1.8 லீற்றர் போதும். 2.8 லீற்றர் வாங்கி அதில் ஒரு சுண்டு அரிசி போட்டால் அடி பிடிக்கும், மின்சாரமும் வீண். விளக்குகளும் பொத்தான்களும் நிறைந்த விலை கூடிய மொடல்கள் இங்கே தேவையில்லை. ஒரே பொத்தான் உள்ள சாதாரணக் குக்கரைப் பழுதானால் பட்டணத்துக் கடையில் திருத்தலாம். தவணைக்கு எடுப்பவர்கள் மாதத் தவணையை மட்டும் பார்க்காமல் முழுத் தொகையைக் கூட்டி, கைக்காசு விலையோடு ஒப்பிட வேண்டும். உள்பாத்திரத்தின் பூச்சு இரும்புக் கரண்டியால் கீறப்பட்டால் சில மாதங்களில் உரியும். மரக் கரண்டி போதும்.

பழைய லயத்தில், பழைய வயரில், ஒரே பிளக்கில் எல்லாம் தொங்கும் வீட்டுக்குப் பதில்: இப்போது வேண்டாம். அந்தக் காசில் முதலில் ஒரு மின்வினைஞரைக் கூப்பிட்டு வயரையும் ட்ரிப் சுவிட்சையும் சரிசெய்ய வேண்டும். லயங்களின் வயரிங்கைப் பரிசோதிப்பது தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பு. தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தையோடு இதையும் மேசையில் வைக்க வேண்டும். வயர் சரியான வீட்டில், 60 யூனிட் கோட்டைக் கணக்குப் பார்த்து, நாளுக்கு ஒருமுறை காலையில் மட்டும் பயன்படுத்தினால், தோட்டத்துப் பெண் வாங்கக்கூடிய மின்சாமான்களில் ரைஸ் குக்கருக்கே முதலிடம். மாதாமாதம் வரும் மின் பட்டியலை எடுத்து, போன மாதம் எத்தனை யூனிட் என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.